டியர் சார் ஓட்டிய கல்யாணக் கார்

எந்தக் காரியத்தில் இறங்கினாலும் கேட்கவேண்டிய ஒரே ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிடுவது என் பிறவிக் குணம். மற்ற கேள்விகளையெல்லாம் கேட்டுவிடுவேன். காரின் சீட்டுக்கு என்ன நிறத்தில் உறை போட்டிருக்கிறது, ஜன்னலுக்குத் திரை உண்டா, ஹாரன் எப்படிச் சத்தம் போடும், எல்லாம் கேட்பேன். உயிர் போகிற கேள்வி எதுவோ அது மட்டும் நினைவுக்கு வராது. (இதைப் படித்தால் என் மனைவி, “ஒரே ஒரு கேள்வியா?” என்று கேட்பாள். கேட்டுவிட்டுப் போகட்டும்.)

எழுபதுகளின் நடுவில் நான் திருப்பூர் ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கிளார்க்காக இருந்தேன். வயது இருபத்து மூன்று. பி.யு.சி. தேறியவன் என்பதால் கம்பெனியில் இங்கிலீஷுக்கு நான்தான் அதிகாரி. முதலாளி தோட்டத்தில் பருத்தி போட்டுக்கொண்டிருந்துவிட்டு, நாலு நிட்டிங் மெஷின் வாங்கித் தொழிலுக்கு வந்தவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளை மீசை. தமிழில் வரும் கடிதத்தை அவரே படிப்பார். இங்கிலீஷில் வந்தால் கவரைக்கூடப் பிரிக்காமல் என் மேஜைக்கு அனுப்பிவிடுவார். அந்தக் கவர் என் மேஜைக்கு வரும்போதெல்லாம் எனக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடும்.

நார்வே தேசத்தில் குழந்தைத் துணி விற்கும் ஒரு கடைக்காரர், பம்பாய் வியாபாரி ஒருவர் மூலமாக எங்கள் பனியனைப் பார்த்துவிட்டு நேரடியாக எழுத ஆரம்பித்திருந்தார். பெயர் எச். ஜென்சன். நான் ஆறு மாதமாக “டியர் சார்” என்று தொடங்கி “யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி” என்று முடித்துப் பதில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள், தானே நேரில் வருவதாகக் கடிதம் வந்தது. வெயில் தனக்கு ஒத்துக்கொள்ளாது, கோயம்புத்தூருக்கு விமானத்தில் வந்து, முதலில் ஊட்டியில் இரண்டு நாள் இளைப்பாறிவிட்டுப் பிறகு கம்பெனிக்கு வருகிறேன், விமான நிலையத்திலிருந்து ஊட்டி ஓட்டலுக்கு ஒரு ‘பிரைவேட் கார்’ ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேட்டிருந்தார்.

வெளிநாட்டுக்காரர் ஒருவர் எங்கள் கம்பெனி வாசப்படி ஏறப்போகிறார் என்பதே முதலாளிக்கு நம்பமுடியாத செய்தி. கடிதத்தை மூன்று முறை படிக்கச் சொன்னார்.

“பிரைவேட்டுன்னா என்னங்க தம்பி?”

எனக்கும் சரியாகத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

“டாக்ஸி கூடாதுன்னு அர்த்தமுங்க. தனிப்பட்ட ஆளோட காராத்தான் இருக்கோணுமுங்க.”

“அப்படித்தான் பாருங்க. நமக்கு வர்ற மொத வெளிநாட்டு ஆர்டரு. காரு நல்லா இருக்கோணும். அவரு மனசு குளுந்துட்டாருன்னா, நாமெல்லாம் பம்பாய்க்காரன் மூஞ்சியவே பார்க்க வேண்டியதில்லீங்க. எல்லாம் உம்பட பொறுப்புதான் கண்ணு.”

ஸ்டேஷன் பக்கத்து டாக்ஸி ஸ்டாண்டில் நாச்சிமுத்து அண்ணன் இருந்தார். வாரத்துக்கு இரண்டு தடவை ஊட்டி போய்வருகிறவர். விஷயத்தைக் கேள்விப்பட்டுத் தாமாகவே வந்தார். “ஊட்டிக்குங்களா? என்ற வண்டி கண்ண மூடிட்டுப் போகுமுங்க” என்றார். நான் அவருடைய வண்டியை ஏற இறங்கப் பார்த்தேன். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. மேலும் அது டாக்ஸி. “இல்லீங்கண்ணா, லெட்டர்ல பிரைவேட்னு போட்டிருக்குதுங்க” என்று இங்கிலீஷ் படித்தவனுக்கே உரிய கருணையோடு சொல்லி அனுப்பினேன்.

வீரபாண்டியில் ஒரு அரிசி மில்காரரிடம் க்ரீம் நிற அம்பாசடர் ஒன்று இருந்தது. சுற்றுவட்டாரத்தில் எந்தப் பெரிய இடத்துக் கல்யாணமானாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார்தான். முகம் பார்த்துத் தலைவாரலாம், அப்படி மின்னும். டிரைவர் ரங்கசாமி அண்ணன் வெள்ளைச் சீருடை, வெள்ளைத் தொப்பி. இருபது வருஷமாக ஓட்டுகிறார், ஒரு கோழி மேல்கூட வண்டியை ஏற்றியதில்லை என்று மில்காரர் பெருமையாகச் சொன்னார். (மாப்பிள்ளை ஊர்வலத்தில் நாதஸ்வரக்காரர்களுக்குப் பின்னால் போகிற வண்டி. கோழிக்கு நிதானமாக யோசித்து முடிவெடுக்க நேரம் இருந்திருக்கும். இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.)

“ஊட்டிக்குப் போகுமுங்களா?” என்று கேட்டேன்.

ரங்கசாமி அண்ணன் பானெட்டைத் தடவிக்கொடுத்து, “வண்டி போகுமுங்க” என்றார்.

நான் வண்டியைப் பற்றிக் கேட்டேன். அவர் வண்டியைப் பற்றிச் சொன்னார். இருவர்மீதும் தப்பில்லை என்றுதான் இன்றுவரை வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

அவர் வருகிற வியாழக்கிழமை காலையில் பீளமேடு விமான நிலையத்தில் ஒரு ரோஜா மாலையோடும் ஒரு தூக்குப்போசியோடும் நின்றேன். போசி நிறைய ஊத்துக்குளி வெண்ணெய். “அங்கத்த மனுசரு, ரொட்டிக்கு வெண்ணெய் இல்லாம என்ன பண்ணுவாரு?” என்று முதலாளி கொடுத்தனுப்பியது.

அதுவரை நான் பார்த்த விமானமெல்லாம் ஆகாயத்தில் ஊக்கு அளவுக்குப் போனவைதான். அன்றைக்கு வந்தது அப்படியில்லை. முதலில் ஒரு புள்ளி. பிறகு ஒரு பருந்து. பிறகு எங்கள் கம்பெனிக் கட்டடம் மொத்தமும் இறக்கை முளைத்து இறங்கி வருவதுபோல வந்து, தரையைத் தொட்டு, என் நெஞ்சுக்கூட்டுக்குள் ஒரு தறியை ஓட்டிவிட்டு நின்றது. அதன் காத்தாடிகள் சுற்றுவது குறைந்து, ஒவ்வொரு இலையாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்து, கடைசியில் அசையாமல் நின்றதை நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் ஏணியில் இறங்கி என்னைக் கடந்து போய்விட்டார்கள். எந்த வெள்ளைக்காரத் துரையும் என் கண்ணில் படவில்லை.

யாரோ தோளைத் தட்டினார்கள். திரும்பினால், என்னைவிட ஒரு முழம் உயரமாக ஒரு அம்மாள். அறுபது வயது இருக்கும். வெட்டிவிட்ட வெள்ளை முடி, ஆம்பிளை மாதிரி பேண்ட், கையில் ஒரு கனத்த கம்பளிக் கோட்டு. என் மாலையையும் போசியையும் பார்த்தார்.

“ஐ ஆம் யுவர் டியர் சார்” என்றார்.

ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுக்க வியாபாரக் கடித இங்கிலீஷ். வாயால் பேசிப் பழக்கமே இல்லை. அதனால், “வி ஆர் இன் ரிசீட் ஆஃப் யுவர் குட்செல்ஃப்” என்று வரவேற்றேன். அதாவது, சரக்கு வந்துசேர்ந்தால் எழுதுகிற மாதிரி, ‘தாங்கள் கிடைக்கப் பெற்றோம்’ என்றேன்.

அந்தம்மாள் ஒரு நொடி என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக் குலுக்கி, “யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி” என்றார்.

அந்த இடத்திலேயே நான் அவருக்கு அடிமையாகிவிட்டேன்.

கோயம்புத்தூரைத் தாண்டி மேட்டுப்பாளையம் ரோட்டில் ரங்கசாமி அண்ணன் மாப்பிள்ளை ஊர்வல வேகத்திலேயே போனார். காரமடைக்குப் பக்கத்தில் வாழைத்தார் கட்டிய சைக்கிள் ஒன்று எங்களை முந்தியது. அந்தம்மாள் முன்பக்கம் குனிந்து, காரில் ஏதாவது கோளாறா என்று கேட்டார். கல்யாணக் கார் என்று விளக்கினேன். யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்வதற்குள் மேட்டுப்பாளையமே வந்துவிட்டது.

கல்லாறு தாண்டி, பாக்குத் தோப்புகளின் குளிர்ச்சி மேலே படுகிற இடத்தில் ரோடு மெல்லத் தலையைத் தூக்கியது. ரங்கசாமி அண்ணன் வண்டியை ஓரம்கட்டினார். இறங்கினார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தார்.

“கோவிச்சுக்காதீங்க தம்பி. நான் மலை ஏறுனதே இல்லீங்க.”

“ஏனுங்கண்ணா! அன்னிக்குக் கேட்டப்பப் போகும்னு சொன்னீங்களே!”

“வண்டி போகும்னுதானுங்க சொன்னேன். மொள்ள மொள்ள ஓட்டிப்போட்டுப் போயிரலாம்னு நெனச்சனுங்க. இப்ப அதையப் பாருங்க சாமி.”

பார்த்தேன். மலை என்றால் தூரத்தில் நீலமாக இருப்பது என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். அது இப்போது நேரே தலைக்கு மேல் நின்றது. அதன் இடுப்பில் தீப்பெட்டி அளவில் ஒரு லாரி இடப்பக்கமாகப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் அதே லாரி இன்னும் உயரத்தில் வலப்பக்கமாகப் போயிற்று. பிறகு மேகத்துக்குள் போயிற்று. மறுபடி வரவே இல்லை.

“வீட்டுல மூணு பொம்பளப் புள்ளைங்க” என்றார் ரங்கசாமி அண்ணன், மெதுவாக.

எனக்கு முதலாளியின் வெள்ளை மீசை கண்முன் வந்தது. அந்தம்மாள் பக்கம் திரும்பி, வியர்வை வழிய, “வி ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ, தி டிரைவர் இஸ் நாட் இன் எ பொசிஷன் டு எக்ஸிக்யூட் தி மௌண்டன்” என்றேன். ஆர்டரை நிறைவேற்ற முடியாதபோது வருத்தத்தோடு எழுதும் வாசகம். ஆர்டருக்குப் பதிலாக மலை.

அவர் மலையைப் பார்த்தார். தொப்பியும் கையுமாக நின்ற ரங்கசாமி அண்ணனைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கி, முன்பக்கம் போய், டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். தோல்பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். வெளிநாடுகளிலும் செல்லுபடியாகும் டிரைவிங் லைசென்ஸ். (எங்கள் ஊரில் பாதிப்பேருக்கு உள்ளூரில் செல்லுபடியாவதே கிடையாது.)

ரங்கசாமி அண்ணன் ஓடிப்போய் அந்தப் பக்கம் ஏறி, ஸ்டீயரிங் பக்கத்துக் கியரை ஆட்டிக் காட்டினார். “பர்ஸ்ட்டு இக்கட்டாலைங்க. ரிவர்ஸு அக்கட்டாலைங்க. கிளச்சு கொஞ்சம் இறுக்கமா இருக்குமுங்க அம்மா.” அவருக்கு ஒரு சொல் இங்கிலீஷ் தெரியாது. அந்தம்மாளுக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. ஆனால் இரண்டே நிமிஷத்தில் இருவரும் பேசி முடித்துவிட்டார்கள். இரண்டு பாஷையும் தெரிந்த நான் பின்சீட்டில் சும்மா இருந்தேன்.

வண்டி புறப்பட்டது. இத்தனை வருஷமாகக் கோழியைவிட மெதுவாகப் போன அந்தக் கார் அப்படி ஒரு உறுமல் உறுமும் என்று அதைப் பெற்றவர்களே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அந்தம்மாள் ஸ்டீயரிங்கைச் சுழற்றியது, எங்கள் வீட்டில் அம்மா ஆட்டுக்கல்லைச் சுழற்றுவதுபோல அத்தனை சுளுவாக இருந்தது. வளைவு வரும் முன்பே கியர் மாறும். எதிரே லாரி வந்தால் ஒரு சாண் இடைவெளியில் நிறுத்தி, அது போனதும், அந்த ஏற்றத்திலேயே, ஒரு விரற்கடை பின்னால் வழுக்காமல் எடுப்பார். ரங்கசாமி அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, ஒவ்வொரு வளைவிலும் “வண்டி வருதுங்கோ!” என்று கூவினார். வளைவு முடிந்ததும் “முருகா!” என்று உள்ளே வந்தார்.

நான் மடியில் வெண்ணெய்ப் போசியோடு இருந்தேன். வெயிலில் உருகிய வெண்ணெய் வாசம் ஒரு பக்கம். ரோஜா மாலை வாசம் ஒரு பக்கம். வயிறு மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் என்னைவிட்டுத் தனியாகப் பயணம் செய்ய ஆரம்பித்தது.

முதல் வாந்தி பர்லியாருக்கு முன்னால். இரண்டாவது பர்லியாருக்குப் பின்னால். ஒவ்வொரு தடவையும் அந்தம்மாள் வண்டியை நிறுத்தி, நான் திரும்பி வரும்வரை காத்திருந்தார். மூன்றாவது தடவை நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் குனிந்திருந்தபோது மூடியிருந்த பனி சட்டென்று விலகியது.

நிமிர்ந்தேன். காலுக்குக் கீழே என்னுடைய ஊர் உலகமெல்லாம் விரித்த பாயாகக் கிடந்தது. வயல் ஒரு கட்டம், தோப்பு ஒரு கட்டம். வாய்க்கால் ஒன்று கண்ணாடிச் சில்லுபோல மின்னியது. எங்கோ ஒரு புகைக்கோடு அசையாமல் நின்றது. நான் பிறந்ததிலிருந்து அதற்குள்ளேதான் நடந்திருக்கிறேன், அடித்துப்பிடித்துப் பஸ் ஏறியிருக்கிறேன். அது இவ்வளவு பெரியது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. ரங்கசாமி அண்ணனும் பக்கத்தில் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார்.

“உங்கள் கம்பெனி எங்கே?” என்று அந்தம்மாள் கேட்டார்.

நான் தைரியமாக ஒரு பக்கம் கையைக் காட்டினேன். (அது பாலக்காட்டுத் திசை என்று பிற்பாடு கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டேன்.)

அவர் அந்தத் திசையையே வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார். எனக்குப் புரிய வேண்டுமென்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அவருடைய அப்பாவுக்கு மரம் ஏற்றும் லாரி இருந்ததாம். அப்பாவுக்குக் கால் முறிந்த வருஷம், பதினெட்டு வயசில், பனி மூடிய மலைகளில் அந்த லாரியைத் தானே ஓட்டினாராம். “முதல் நாள் நானும் உன்னைப் போலத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்” என்றார். நான் நடுங்குவதைப் பார்த்து, தன் கம்பளிக் கோட்டை எடுத்து என்மேல் போர்த்திவிட்டார். அது என் கணுக்கால்வரை வந்தது. காலருக்கு ரோமம் வைத்திருந்தது.

மானம் போகவேண்டியது இனிமேல்தான்.

ஊட்டி ஓட்டல் வாசலுக்குக் கார் போனபோது நான் பின்சீட்டில் ரோமக் கோட்டைப் போர்த்திக்கொண்டு, கண் சொருகி, சாய்ந்து கிடந்தேன். ரோஜா மாலை எப்படியோ என் மேலேயே இருந்தது. தலைப்பாகை வைத்த வாயிற்காவலர் ஓடிவந்து பின்கதவைத் திறந்தார். விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். இரண்டு பேர் கைத்தாங்கலாக என்னை இறக்கினார்கள். இன்னொருவர் வெண்ணெய்ப் போசியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பின்னால் வந்தார். ஏதோ சமஸ்தானத்துப் பிள்ளை, சீக்காளி, மருந்துப் பாத்திரத்தோடு வந்திருக்கிறான் என்று நினைத்திருக்க வேண்டும்.

காவலர் டிரைவர் சீட்டுப் பக்கம் திரும்பி, மரியாதையான இங்கிலீஷில், “டிரைவர்கள் தங்கும் அறை பின்பக்கம் இருக்கிறது, வண்டியை அங்கே விடுங்கள்” என்றார்.

அந்தம்மாள் என்ன செய்தார் தெரியுமா? தலையை ஆட்டிவிட்டு, வண்டியைப் பின்பக்கம் கொண்டுபோய்விட்டார்.

நான் கத்தினேன். கத்தியதாக நினைத்தேன். வெளியே வந்தது, “ப்ளீஸ் ட்ரீட் திஸ் ஆஸ் மோஸ்ட் அர்ஜென்ட்” மட்டுமே. அவர்கள் அதை என் உடல்நிலை பற்றிய தகவலாக எடுத்துக்கொண்டு, ஜென்சன் பெயருக்கு ஒதுக்கியிருந்த அறையில் என்னைப் படுக்கவைத்து, இரண்டு கம்பளியைப் போர்த்தி, டாக்டருக்குச் சொல்லியனுப்பினார்கள்.

சரியாக அந்த நேரத்தில் முதலாளியின் டிரங்க் கால் வந்திருக்கிறது. விருந்தாளி சுகமாக வந்து சேர்ந்தாரா என்று கேட்டாராம். “வந்துட்டாருங்க. மலை ஒத்துக்கலை, படுத்திருக்காரு. டாக்டர் வர்றாரு. ஆனா வெள்ளைக்கார லேடி டிரைவர் நல்லா இருக்காங்க, கொல்லைப்பக்கம் டீ சாப்பிட்டுட்டு இருக்காங்க” என்று பதில் போயிருக்கிறது. முதலாளி அன்று பழனி மலைக்கு முடி காணிக்கை வேண்டிக்கொண்டார்.

நான் தட்டுத்தடுமாறிப் பின்பக்கம் ஓடியபோது அந்தம்மாள் ஒரு கவிழ்த்த மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்து, ஆறேழு டிரைவர்களுக்கு நடுவில் கண்ணாடி டம்ளரில் டீ குடித்துக்கொண்டிருந்தார். ரங்கசாமி அண்ணன் கையாலேயே வளைவு வளைவாகக் காட்டி, மலை ஏறிய கதையை அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பத்து வருஷம் மலையில் ஓட்டியவர்கள் அந்தம்மாளை வாய் மூடாமல் பார்த்தார்கள். ஒருவர் எழுந்து தன் பன்ரொட்டியை அவருக்குக் கொடுத்தார்.

“அப்பாலஜைஸ்” என்றேன். கடிதத்தில் அதற்குமேல் ஐந்து வரி எழுதுவேன். இங்கே அழுதுவிட்டேன்.

“டியர் சார்,” என்றார் அந்தம்மாள், என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, “வெண்ணெய் எங்கே? ரொட்டி இருக்கிறது.”

மூன்றாம் நாள் இறக்கத்தையும் அவரே ஓட்டினார். சமவெளிக்கு வந்ததும் சாவியை ரங்கசாமி அண்ணனிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். திருப்பூரில் முதலாளி மேளம் வைத்திருந்தார். ரோட்டிலிருந்து கம்பெனி வாசல்வரை, மேளக்காரருக்குப் பின்னால், ஒரு குலுக்கல் இல்லாமல், நூல் பிடித்த மாதிரி ரங்கசாமி அண்ணன் வண்டியை விட்ட அழகைப் பார்த்து அந்தம்மாள் கை தட்டினார். “இது எனக்கு வராது” என்றார்.

ஆர்டர் கிடைத்தது. முதலாளி காரணம் கேட்கச் சொன்னார். பனியன் நன்றாக இருக்கிறது என்றார் அந்தம்மாள் முதலில். பிறகு இன்னொன்றும் சொன்னார். “உங்கள் டிரைவர் முதல் வளைவுக்கு முன்னாலேயே முடியாது என்று சொன்னார். சரக்கு தாமதமாகும் என்றால் நீங்களும் வளைவுக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். போதும்.” இதை நான் தமிழில் சொன்னபோது முதலாளி ரங்கசாமி அண்ணனைக் கூப்பிட்டுத் தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். எனக்கு நாற்காலி கொடுக்கவில்லை. அது நியாயம்தான்.

அடுத்த ஆவணியில் எனக்குப் பெண் பார்க்கப் போனார்கள். பெரியவர் என்ற முறையில் முதலாளியும் வந்தார். பெண்ணின் அப்பா, “மாப்பிள்ளைக்கு என்னங்க கெட்டிக்காரத்தனம்?” என்று கேட்டார். முதலாளிக்கு என்மேல் நிஜமாகவே பிரியம். நல்லதாகச் சொல்ல வேண்டுமென்றுதான் ஆரம்பித்தார்.

“சாதாரண ஆளில்லீங்க. வெள்ளைக்காரிய டிரைவரா வெச்சுட்டு ஊட்டிக்குப் போன பையனுங்க இவன்.”

சபை அசந்துவிட்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ரோமக் கோட்டு, சல்யூட்டு, டாக்டர் என்று ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார். பெண்ணின் அப்பா முகம் இறுகிக்கொண்டே போனது. நான் கூடத்துத் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பியது. அடக்கிப் பார்த்து, முடியாமல், தட்டோடு பலகாரம் கீழே விழ, வீடு முழுக்கக் கேட்கிற சிரிப்பு. யாரோ “சும்மாரு புள்ள” என்று அதட்டினார்கள். அது நிற்கவில்லை.

பெண்ணை நான் பார்ப்பதற்கு முன்னால் அவள் சிரிப்பைக் கேட்டேன். கேட்டதுமே சரி என்று தீர்மானித்துவிட்டேன்.

இப்போதும் வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அவள் அந்தக் கதையை ஆரம்பித்துவிடுவாள். நான் வாந்தி எடுத்தது ஏழு தடவை என்பாள். மூன்றுதான் என்று நான் சொல்வேன். “ஏனுங்க, கூட இருந்த மாதிரி நான் சொல்லிட்டிருக்கறேன், நடுவுல பேசறீங்க?” என்பாள்.